அலைக்கற்றையில் வேலையெல்லாம் ஓரத்தில்தான்

ஒரு பேண்டை, அதாவது அலைவரிசைகளின் ஒரு தொகுப்பை, மொபைல் சேவைக்கு ஒதுக்குவது என்றால், அட்டவணையில் ஒரு வரியை மாற்றி ஏலத் தேதியை அறிவிப்பது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். முறைப்படி நடப்பது இது: தொலைத்தொடர்புத் துறை, ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயிடம் கருத்துக் கேட்கும். ட்ராய் ஆலோசனை அறிக்கை வெளியிட்டு, கருத்துகளையும் அவற்றுக்கான எதிர்க்கருத்துகளையும் வாங்கி, திறந்த விவாதம் நடத்திப் பரிந்துரை அனுப்பும். துறைக்கு உடன்பாடில்லை என்றால் அது திரும்பி வரும். கடைசியில் அமைச்சரவை. இந்தக் காகிதப் பயணம் மெதுவானது, ஆனால் தெளிவானது. ஆண்டுகளை விழுங்குவது அதற்கு முந்தைய கேள்வி: அந்த பேண்டில் இப்போது யார் இருக்கிறார்கள், அதன் இரண்டு ஓரத்திலும் யார் இருக்கிறார்கள்?

5ஜி ஓடும் 3300 மெகாஹெர்ட்ஸ் பேண்டைப் பாருங்கள். 2018-இல் ட்ராய் பரிந்துரைத்தது 3300 முதல் 3600 வரை, மொத்தம் 300 மெகாஹெர்ட்ஸ். பிறகு பாதுகாப்புத் துறை 100 மெகாஹெர்ட்ஸ் கேட்டது. நம் நாட்டின் இடங்காட்டும் அமைப்பான நேவிக்கின் செயற்கைக்கோள்களுக்குத் தரையிலிருந்து தகவல் அனுப்ப விண்வெளித் துறை 25 கேட்டது. மீதி 175. ஒரு 5ஜி கேரியரே (ஒரு நிறுவனம் ஓட்டும் ஒரு சிக்னல் தடம்) 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம் என்னும்போது, 175-ஐ மூன்று நான்கு நிறுவனங்களுக்குப் பங்கிட்டால் யாருக்கும் உருப்படியாக எதுவும் கிடைக்காது. பேசித் தீர்த்து, மேல் எல்லையை 3670 வரை நீட்டிய பிறகுதான் 2022 ஏலம் சாத்தியமானது.

ஏன் 3670-இல் நின்றது? 3700-இலிருந்து 4200 வரை செயற்கைக்கோள் டிவி இறங்குகிறது. கேபிள் நிலையத்தின் மொட்டைமாடியில் இருக்கும் பெரிய டிஷ், 36,000 கி.மீ. தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலைப் பிடிக்கிறது. பக்கத்துத் தெரு டவர் வேறு அலைவரிசையில் பேசினாலும், டிஷ்ஷில் சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்என்பி அகன்ற காதோடு எல்லாவற்றையும் வாங்கித் திணறிப்போகும். படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது அடியோடு போய்விடும். டவர்மீது பழி சொல்வது எளிது. ஆனால் கோளாறு இருப்பது ரிசீவரில். டிஷ்ஷில், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி விட்டிருப்பதே, எந்த ஃபில்டரும் ஓரத்தில் சட்டென்று வெட்டாது, சரிந்து இறங்க அதற்கு இடம் வேண்டும் என்பதால்தான்.

தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அலை அனுப்பி அளக்கும் விமானத்தின் ரேடியோ உயரமானி 4200 முதல் 4400 வரை வேலை செய்கிறது. நம் பேண்டின் முடிவிலிருந்து 530 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. அப்படியும் பழைய கருவிகளின் ஃபில்டர்களை நம்ப முடியாமல், 2022 நவம்பரில் டெல்லி, பெங்களூரு, புனே, நாக்பூர், குவஹாத்தி விமான நிலையங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது: ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் 2.1 கி.மீ., நடுக்கோட்டிலிருந்து 910 மீட்டர் வரை இந்த பேண்டில் டவர் கூடாது. அந்த ஊர்களில் ஓடுபாதையை ஒட்டிய தெருக்களில் 5ஜி மெலிந்திருந்தால், ஆபரேட்டரின் அலட்சியம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது.

பேண்டுக்குள்ளேயே இருக்கும் அண்டை வீட்டுச் சண்டை வேறு வகை. இங்கே அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில், நேரத்தால் பிரிந்து. ஒரு நிறுவனத்தின் டவர் கேட்கும் நொடியில் அடுத்த நிறுவனத்தின் டவர் பேசினால், கைபேசியின் குரல் அமுங்கிவிடும். எல்லோரும் ஒரே ஃபிரேம் அமைப்பில் (எப்போது பேசுவது, எப்போது கேட்பது என்ற நேர வரிசை), 3 மைக்ரோவினாடிக்குள் ஒத்த கடிகாரத்தில் ஓடவேண்டும். ஒரு சைட்டில் (டவர் நிற்கும் இடத்தில்) நேரம் தரும் ஜிபிஎஸ் ஆன்டெனா பழுதாகி கடிகாரம் நழுவினால், கெடுவது சுற்றியுள்ள சைட்டுகள். அதனால் தேடுபவர்கள் முதலில் தவறான இடத்தில் தேடுவார்கள். கடலோரத்தில் இன்னொன்று உண்டு. ஈரக்காற்று அடுக்குக்குள் அலை குழாயில் போவதுபோல் வெகுதூரம் போகும். பேசுவதற்கும் கேட்பதற்கும் நடுவே ஃபிரேமில் விடும் இடைவெளி 143 மைக்ரோவினாடி என்றால், அது காப்பது சுமார் 43 கி.மீ. மட்டுமே. நூறு கி.மீ. தள்ளியிருக்கும் டவர் 333 மைக்ரோவினாடி தாமதித்து வந்து நம் அப்லிங்க்கில், அதாவது நம் டவர் கைபேசியைக் கேட்கும் நேரத்தில், விழும், கடிகாரங்கள் ஒத்திருந்தாலும்கூட.

700 மெகாஹெர்ட்ஸில் ஓரத்தின் விலை கண்ணுக்கே தெரியும். 698 முதல் 806 வரை 108 மெகாஹெர்ட்ஸ். கீழே டிவியிலிருந்து காக்க 5, நடுவில் 10, மேலே 3. பயன்படுவது 90, அதாவது அனுப்ப 45, வாங்க 45. அந்த 45-ஐ, அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் ஒரே டூப்ளெக்ஸரால் கைபேசியில் சமாளிக்க முடியாது. 30 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு டூப்ளெக்ஸர்களை வைக்கிறார்கள்.

3300-ஐவிட 700-இல் வழியில் சிக்னல் இழப்பு ஏறக்குறைய 13 டெசிபெல் குறைவு. சுவருக்குள் போகும், கிராமத்துக்குப் போகும். ஆனால் 2016-இல் இதற்கு வைத்த அடிப்படை விலை நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய். 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்டின் விலையை நான்கால் பெருக்கிய கணக்கு. தூரத்தை விலையாக்கிய அந்தக் கணக்கில், அப்போது இந்த பேண்டைப் பிடிக்கும் கைபேசிகள் குறைவு என்பது இல்லை. குறைந்தபட்சம் 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் 57,425 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடி, அப்போதும் இல்லை. 2022-இல் 3,927 கோடி. ஜியோ நாட்டின் 22 தொலைத்தொடர்பு சர்க்கிளிலும் 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் 39,270 கோடிக்கு வாங்கியது. ஆறு ஆண்டு அந்த அலை சும்மா கிடந்தது. நிலக்கரிபோல் நாளைக்கு எடுத்துவைக்க முடியாத பொருள் இது. அந்த நஷ்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

விலை இறங்கியதால் மட்டும் விற்றது என்றும் சொல்லிவிட முடியாது. 2022-இல் முன்பணம் இல்லை, 20 சம ஆண்டுத் தவணைகள். புதிதாக வாங்கும் அலைக்கற்றைக்கு ஆண்டுதோறும் கட்டவேண்டிய பயன்பாட்டுக் கட்டணமும் நீக்கப்பட்டிருந்தது. அடுத்த ஏலத்துக்கு அடிப்படை விலை போடுபவர்கள் 3,927 என்ற எண்ணை மட்டும் எடுத்து, அதைச் சுற்றியிருந்த இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டால், பழைய தவறே வேறு எண்ணில் திரும்பி வரும்.