அழுக்கு உள்ள கீது

போன மார்கழியில் ஒரு நாள், காலை 5.45. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்குக் கிளம்பணும். ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷன் எனக்கு. லைன் ஓட ஆரம்பிப்பதற்குள் நான் அங்கே நிற்க வேண்டும். கார் முன் கண்ணாடியில் பனி மொத்தமாக இறங்கியிருந்தது. வைப்பரைப் போட்டேன். பனி வழிந்தது, பின்னாலேயே கோடு கோடாகச் சேறு. இறங்கி, துணியால் வெளிப்பக்கம் அழுத்தித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், எதிரே வந்த பால் வேனின் லைட்டு கண்ணாடி முழுக்கப் பரவிச் சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது.

திண்ணையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார் அப்பா. "இன்னா பாப்பா, வெளியவே தொடச்சிக்கினு கீற? அழுக்கு உள்ள கீது" என்றார்.

அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். வேலூர் – பெங்களூர் ரூட்டில் எத்தனையோ மார்கழி பார்த்தவர். எழுந்து வந்து, ஆள்காட்டி விரலைக் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு இழுப்பு இழுத்து என்னிடம் காட்டினார். விரல் நுனியில் பிசுபிசுவென்று சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

நம்ம ஊர் வெயில் செய்கிற வேலை அது. மே மாசம் 40 டிகிரியைத் தாண்டி அடிக்கும்போது, கதவு மூடிய காருக்குள் டேஷ்போர்டு பிளாஸ்டிக் காய்ந்து, அதிலிருந்து கிளம்பும் எண்ணெய்ப் பசை கண்ணாடியில் போய்ப் படியும். பகலில் கண்ணுக்கே தெரியாது. குளிர்காலத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் அதன்மேல் ஒட்டிக்கொண்டு மங்கும்போதுதான் அது இருப்பதே தெரியும். ஆக, வேலூரில் மார்கழிக் கண்ணாடியின் தொல்லை சித்திரையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. வைப்பர் ரப்பரும் அப்படித்தான். வெயிலில் கருவாடாகி, பனிக்காலத்தில் கண்ணாடியைச் சுரண்டும். மழைக்கு முன்னாலேயே மாற்றிவிடுவது என் வழக்கம். அந்த வருஷம் விட்டுவிட்டேன்.

அப்பா காலத்தில் முன் கண்ணாடிக்கு வைத்தியம் புகையிலை. ஈரப் புகையிலையைக் கசக்கித் தேய்த்தால் மழைத்தண்ணி முத்து முத்தாக நிற்காமல் பரவி ஓடும், ரோடு தெரியும். நான் ஷாம்புவைத் தண்ணியில் கலந்து தொட்டுத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் மெருகேற்றுகிறேன். இரண்டும் ஒரே வேலைதான். நாற்றத்தில் மட்டும்தான் வித்தியாசம், அதை அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

தண்ணி விஷயத்தில் நானே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே போகும் தண்ணியை வீணாக்குவானேன் என்று பிடித்து வைத்துக் காரைக் கழுவினேன். எங்கள் போர் தண்ணியே உப்பு. மெஷின் கழித்துவிடும் தண்ணியோ அதைவிட உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள், தேய்த்தாலும் போகவில்லை. வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்துத்தான் எடுத்தேன். இப்போது கோடையில் வீட்டு ஏ.சி. சொட்டுகிற தண்ணியைக் கேனில் பிடித்து வைத்து, வைப்பர் டேங்குக்கு ஊற்றுகிறேன். அதில் உப்பு கிடையாது.

ஓட்டும்போது உள்ளே மங்கினால் கையால் துடைக்காதீர்கள். கைப்பசை வேறு சேரும். ஏ.சி.யைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வருகிற மாதிரி பட்டனை மாற்றுங்கள். குளிருதே, ஏ.சி. எதற்கு என்று அம்மா கேட்பார். ஏ.சி. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதற்காகத்தான். குளிர் தாங்கவில்லையென்றால் ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் கொஞ்சம் திருப்பலாம். நம்ம ஊரில் கார் வாங்கியதிலிருந்து அந்தச் சிவப்பைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். பள்ளிகொண்டா தாண்டி ஒரு லாரியிலிருந்து தெறித்த கல் என் கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தது. மூன்று மாசம் சும்மா விட்டேன். தை மாதக் குளிரில் ஒரு நாள் ஹீட்டரை முழுசாக வைத்ததும், கண் முன்னாலேயே அந்தப் பொட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் ஓடியது. முன் கண்ணாடி இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, அதனால் நொறுங்கி மேலே கொட்டவில்லை. பொட்டாக இருந்தபோதே பிசின் விட்டு அடைத்திருக்கலாம். விரிசல் நீண்ட பிறகு மொத்தமாக மாற்றுவதுதான் வழி. இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை என்பது ஒரு ஆறுதல். க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அந்த போனஸ், க்ளெய்ம் போட்டதில் போனது தனிக் கதை.

தம்பி கனடாவில் இருக்கிறான். அங்கே கண்ணாடிமேல் ஐஸ் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடித்துவிடும் என்பான். ராத்திரியே வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தூங்கப் போவானாம். போன தடவை வந்தபோது, ஐஸ் சுரண்டுகிற கரண்டி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மா அதை அடுப்பு மேடையில் காய்ந்த தோசை மாவைச் சுரண்ட வைத்திருக்கிறார். நன்றாகவே சுரண்டுகிறது.

எங்களுக்கு ஐஸ் இல்லை, போகி இருக்கிறது. அன்றைக்கு விடிகாலையில் பனியும் டயர் புகையும் சேர்ந்து கண்ணாடியில் கரிப்பசையாக இறங்கும். அதைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். முதலில் தண்ணி ஊற்றி ஓடவிட வேண்டும்.

இப்போது மார்கழி முழுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் உள்பக்கத்தைத்தான் முதலில் துடைக்கிறேன். முடித்ததும் அப்பா வந்து உட்கார்ந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் வாயை வைத்து "ஹா" என்று ஊதிப் பார்ப்பார். போன வாரமும் ஊதினார்.

"அந்த மூலைய வுட்டுட்ட பாரு."