முதல் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

வருகிற ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரவிருக்கும் எங்கள் மகளை, ஊரிலுள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தமிழ் வழியில் சேர்ப்பதென்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். "உங்களுக்கு என்ன குறை, பிள்ளையை ஏன் அங்கே விடுகிறீர்கள்?" என்று உறவினர்கள் வருத்தத்தோடு கேட்கிறார்கள். மெட்ரிக் பள்ளியின் கட்டணமும் வேன் செலவும் எங்களால் தாங்கக்கூடியவைதான். எனவே காரணம் பணமன்று.

நாங்கள் சென்று பார்த்த மெட்ரிக் பள்ளி ஒன்றில், யுகேஜி குழந்தைகள் ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டி அழகாக ஒப்பித்தார்கள். ஆனால் அவற்றின் பொருளைக் கேட்டதும் ஆசிரியையின் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் குழந்தை, படிக்கக் கற்றுக்கொள்வதையும் அறியாத மொழியையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2010-11இல் முதல் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கி, அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் விரிந்த சமச்சீர்க் கல்வியால், பத்தாம் வகுப்பு வரை இருவகைப் பள்ளிகளுக்கும் பாடத்திட்டமும் ஒன்றாகிவிட்டது.

அரசுப் பள்ளியில் என்னைக் கவர்ந்தது 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம். முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து, பாட்டு, கதை, செயல்பாடு வழியாகக் கற்பிப்பதால், பின்தங்கிய குழந்தை அதட்டப்படாமல் தன் நிலையிலிருந்தே முன்னேற முடிகிறது. காலை உணவும் உண்டு. எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதை என் மகளும் பழக வேண்டும்.

மருத்துவப் படிப்பின் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்காகத்தானே என்றும் சிலர் கேட்டார்கள். அதற்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும் என்பதால், முதல் வகுப்புச் சேர்க்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எங்களுக்கு உண்மையிலேயே கவலை தருவது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 மாணவர்கள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். 61ஆவது மாணவர் சேர்ந்தால்தான் மூன்றாமவர். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்த, அவர்களில் ஒருவர் தலைமை ஆசிரியராகப் பதிவேடுகளையும் கூட்டங்களையும் கவனிக்க, சில நாட்களில் பள்ளி முழுவதும் ஒரே ஆசிரியரின் பொறுப்பில் வந்துவிடுகிறது. இதைப் பார்த்துத்தான் பெற்றோர் விலகுகிறார்கள். அவர்கள் விலகுவதால் எண்ணிக்கை மேலும் குறைகிறது. பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை விடாமல் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர்ப் பள்ளி இப்போது அறுபதுக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. முதல் வகுப்பு வயதில் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குச் சென்று, முடிவெடுக்கும் முன் ஒரு முறையேனும் அந்த வகுப்பறையில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்க்குமாறு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.