நோட்டில் மட்டும் நூறு பேர்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காந்தி ஜெயந்தி அன்று ஊரில் இருந்தேன். காலை பத்தரைக்குச் சித்தி நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். "கையெழுத்துப் போட" என்றார். ஊர் வாக்காளர்கள் எல்லோரும் கூடித் தீர்மானம் போடும் கிராம சபைக் கூட்டம் அது, ஆனால் அந்த வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. என் ஓட்டும் இன்னும் ஊரில்தான் இருக்கிறது, சரி, போய்ப் பார்ப்போம் என்று நானும் கூடவே போனேன்.

கோயில் மண்டபத்தை ஒட்டிப் பந்தல், மைக் செட், நாலு வரிசை பிளாஸ்டிக் சேர். பந்தல் வாசலில் மேசை போட்டு கிளார்க் நீள நோட்டை விரித்து வைத்திருந்தார். (ஊராட்சி செயலர் என்பதுதான் பதவியின் பெயர், எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வரிசையில் நின்று கையெழுத்து, சிலர் கைநாட்டு. என் முறை வந்தபோது முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன், தேதியும் ஊராட்சியின் பெயரும் மட்டும் இருந்தன, கீழே முழுக்க வெறும் கோடுகள்.

"தீர்மானம் எங்க சார்?"

"அது அப்புறம் எழுதிக்குவோம் தம்பி, ஒன்றிய பி.டி.ஓ. ஆபீஸ்லேர்ந்து பேச வேண்டிய பொருள் எல்லாம் வந்துருச்சு."

பின்னால் முப்பது பேர் வெயிலில் நின்றார்கள். நானும் போட்டுவிட்டேன்.

கூட்டம் இருபத்தைந்து நிமிஷம். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் என்று கிளார்க் ஒரே மூச்சில் வாசித்தார். இதெல்லாம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல் மேலிருந்து வருகிறது, எங்கள் தெருவில் மூணு மாசமாகச் சாக்கடை அடைத்துக் கிடப்பது அதில் எப்படி இருக்கும்? வரவு செலவுக் கணக்கை பிளக்ஸில் அடித்துக் கட்டியிருந்தார்கள். எழுத்து அவ்வளவு சின்னது, பக்கத்தில் போய் நின்று படித்தது நான் ஒருவன்தான், எனக்கும் பாதி புரியவில்லை. கேள்வி கேட்கலாம் என்று மைக்கில் சொன்னபோது பந்தலில் இருபது பேர்கூட இல்லை. ஆனால் நோட்டில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள்.

அந்த நூறுக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டில் கோரம், அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு, இதுதான்: மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கை வராவிட்டால் கூட்டம் செல்லாது. அதற்காக ஆள் பிடிக்கிறார்கள், ஆள் பிடிக்கச் சுலபமான வழி நூறு நாள் வேலைக்காரர்கள். வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்று சொன்னால் மறுக்கிற நிலையில் அவர்கள் இல்லை. "ஜனங்களுக்கு அக்கறை இல்லை சார்" என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பொழுது விடிந்தால் தண்ணீருக்கும் ரோட்டுக்கும் சண்டை போடுகிற ஜனங்களுக்கா அக்கறை இல்லை?

இன்னொன்றையும் அன்றைக்குப் பார்த்தேன். காலனிப் பெண்கள் யாரும் பந்தலுக்குள் வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்றார்கள், நோட்டு அங்கே போனது, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தது. மத சம்பந்தமான வளாகத்தில் கிராம சபை நடத்தக் கூடாது, ஒவ்வொரு கூட்டத்தையும் வேறு வேறு பகுதியில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று கலெக்டர் அறிவிப்பு ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் வரத்தான் செய்கிறது. எங்கள் ஊரில் சுழற்சி எப்போதும் கோயில் வாசலிலேயே வந்து நின்றுவிடுகிறது. உள்ளே வந்தாலும் என்ன நடக்கும் என்பதற்குச் சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டை இருக்கிறது. அங்கே பட்டியல் சாதிப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் ஊரெல்லாம் சுற்றியது. தலைவருக்கே அந்தக் கதி என்றால் வேப்பமரத்தடியில் நிற்பவர் மைக்கைக் கேட்பாரா?

நகரத்தில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். கிராம சபை மாதிரியே உங்களுக்கும் 2022-இல் ஏரியா சபை வந்துவிட்டது. உங்கள் ஏரியா சபை கடைசியாக எங்கே கூடியது என்று தெரியுமா?

கிராமத்தில் இப்போது தலைவர்கூட இல்லாத இடங்கள்தான் அதிகம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர், அதாவது அரசு அதிகாரி, கைக்குப் போய்விட்டது. 2016-லும் இப்படித்தான் தேர்தல் நின்று மூணு வருஷம் ஓடியது. மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள், அதாவது ஓர் ஒன்றியத்துக்கு முப்பதுக்கு மேல். இத்தனை ஊருக்கு நடுவில் அந்த அதிகாரியை எங்கே போய்ப் பிடிப்பது? முன்பு பிரசிடெண்டை டீக்கடையில் மடக்கி நாலு வார்த்தை திட்டவாவது முடிந்தது.

சாக்கடை விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நான் எழுந்து கேட்டேன், "குறிச்சுக்கிட்டோம்" என்றார்கள். பிறகு தீர்மான நகல் கேட்டபோது, அதெல்லாம் வெளியில் தர முடியாது என்றார்கள். பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பக்கத்துக்கு ரெண்டு ரூபாய் கொடுத்து வாங்கினேன். தேடிப் பார்த்ததில் கிடைத்த ஒரே வரி: "சுகாதாரம் குறித்து விவாதித்து ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." தெருவின் பெயர் இல்லை, சாக்கடை என்ற சொல்லே இல்லை. மறுபக்கத்தில் கையெழுத்துகள், பதினேழாவதாக என்னுடையது.

அடுத்த மே 1 கிராம சபைக்குப் போனபோது முதல் நாள் ராத்திரியே சித்தியிடம் பேசினேன். தீர்மானத்தை எழுதி முடித்து, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், உங்கள் கூட்டாளிகளிடமும் சொல்லுங்கள், நாற்பது பேர் சேர்ந்து மாட்டேன் என்று நின்றால் அவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். சித்தி வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே முழுசாகக் கேட்டார்.

"நீ மறுநா பஸ் ஏறிடுவே. எங்க நூறு நாள் வேலை அட்டையெல்லாம் அவங்ககிட்டதாண்டா இருக்கு."

காலையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.