தானாகத் திறந்த டிக்கெட்

நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு பக் டிக்கெட்டை, அதாவது பிழைப் புகாரைத் திறந்தால் பிழைச் செய்தி கொட்டை எழுத்தில் தலைப்பாக நிற்கிறது.

ஆள் எழுதியதில்லை. தானாக ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்று லாக்கை, அதாவது நிரலின் பதிவுகளை, அப்படியே கொட்டியிருக்கிறது. வரிக்குக் கீழே ----- இருந்தால், குறிகளை வைத்து எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுனுக்கு அந்த வரி தலைப்பு.

பிழை எந்த வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸில் இருந்த #1, #2 எல்லாம் லிங்க். கிட்ஹப்பில் #1 என்றால் முதல் டிக்கெட் ஆயிற்றே! என்றோ மூடிய டிக்கெட்டில் போய் 'இங்கே குறிப்பிடப்பட்டது' என்று ஏறி உட்கார்ந்திருக்கிறது, பாவம்.

லாக்குக்கு மேலும் கீழும் மூன்று பேக்டிக் (`) போட்டிருந்தால் தீர்ந்தது, உள்ளே இருப்பதை அப்படியே காட்டியிருக்கும்.

அதையே ஜிரா என்ற இன்னொரு டிக்கெட் மென்பொருளுக்கு அனுப்பினால் வேறு கதை. ஸ்கிரிப்ட் அதனுடன் பேசும் வழியான ஏபிஐ-யின் வெர்ஷன் 2, வடிவமைப்புக்கு விக்கி குறிகளைக் கேட்கும்; வெர்ஷன் 3 ஜேசன் என்ற தரவு வடிவத்தைக் கேட்கும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் டிக்கெட் உருவானதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நடுராத்திரியில் அதைப் படிக்கப்போவது வேறு யாரோ அல்லவா.