மயிலை கன்று போடும் வரை

2025 அக்டோபர் 11, சனி
வரப்பில் மருந்து வாடை. அம்மா காலையில் மயிலையை அங்கேதான் கட்டியிருந்தார். கீழ்த்தோட்டத்து அண்ணனிடம் கேட்டால், "புல்லு மருந்துதாங்க, மாட்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார். என்ன மருந்து? அது ஆள் வாங்கிவந்தது. டப்பா எங்கே? அதையும் ஆள் கொண்டுபோய்விட்டான். எப்போது அடித்தீர்கள்? நேற்றுச் சாயந்திரம். பொது வரப்பு, இந்தப் பக்கம் சினை மாடு நிற்கிறது என்று அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொறங்காட்டு மேய்ச்சலுக்கு ஓட்டியிருப்போம்.

இரவு
அசை போடுகிறது. தண்ணீர் குடித்தது.

அக்டோபர் 12, ஞாயிறு
டப்பா இல்லையென்றால் செடியைத்தான் கேட்க வேண்டும். களைக்கொல்லிகளில் பாராகுவாட் என்றால் ஒரு வெயிலிலேயே இலை தீய்ந்துவிடும். கிளைபோசேட் என்றால் நாலைந்து நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் மெதுவாக மஞ்சளாகும். 2,4-டி என்றால் புல் பச்சையாகவே நிற்கும், அகல இலைச் செடிகள் மட்டும் முறுக்கிக்கொள்ளும். காலையில் போய்ப் பார்த்தேன். பத்து மணிக்குப் போனேன். மத்தியானம் அம்மா திட்டினார், மறுபடியும் போனேன். எதுவும் தீயவில்லை. பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே கிடையாது என்பதை நேற்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நம் நாய் மணி வேறு வரப்பில் புரண்டுவிட்டு வந்து காலை நக்குகிறது. பிடித்துச் சோப்புப் போட்டுக் கழுவிக் கட்டிவைத்தேன். ஊளையிடுகிறான், இடட்டும்.

அக்டோபர் 13, திங்கள்
பார்த்தீனியத்தின் தண்டு கொக்கி போட்டிருக்கிறது. குப்பைக்கீரையும் முறுக்கிக் கிடக்கிறது. அருகம்புல் அப்படியே பச்சை. அப்படியானால் 2,4-டி.

பெரிய ஆறுதல், மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போடும் வரை. அந்த மருந்தை விட அது பட்ட செடிதான் யோசிக்க வேண்டியது என்றார். வாடுகிற நேரத்தில் சில செடிகளில் இனிப்பு ஏறும், வழக்கமாக மாடு மூக்கைத் திருப்பிக்கொண்டு போகிற செடியைக்கூட அப்போது ருசித்துத் தின்னும். குப்பைக்கீரையில் நைட்ரேட் ஏற்கெனவே அதிகம், மருந்து பட்டால் இன்னும் கூடலாம். நைட்ரேட் ஏறியிருந்தால் சில மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும், ஈறு நீலமோ பழுப்போ ஆகும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும். அப்படித் தெரிந்தால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் 1962-க்குப் போன் செய்யுங்கள், ஊசி மருந்து இருக்கிறது, எண்ணெய் புளி என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள் என்றார்.

ஈறு சிவப்பாகத்தான் இருக்கிறது. "தப்பிச்சிருச்சுன்னுதான் வெச்சுக்கணும். ஆனா சினை மாடு, கொஞ்ச நாள் கழிச்சுக் கரு கலைஞ்சு கன்னு வீசவும் வாய்ப்பிருக்கு, பார்த்துக்குங்க" என்றார். கடைசியாகச் சொன்னதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அக்டோபர் 15, புதன்
சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் களைக்கு மருந்து அனுப்புகிறான்: உப்பு, வினிகர், சோப்புத் தண்ணீர், "நூறு சதவீதம் இயற்கை". தம்பி, உப்புத் தண்ணீர் அடித்தால் பார்த்தீனியம் காயும், உண்மைதான். அந்த உப்பை நக்க ஆடு மாடெல்லாம் அங்கேதான் போய் நிற்கும். அதிக உப்பு உள்ளே போய், குடிக்கத் தண்ணீரும் இல்லையென்றால் அதுவும் விஷம்தான். போதாததற்கு மண்ணும் கெட்டுப்போகும். இயற்கை என்று பெயர் வைத்துவிட்டால் மாட்டுக்கு வயிறு மாறிவிடுமா?

கீழ்த்தோட்டத்து ஆள் கைத்தெளிப்பானில் மருந்தோடு யூரியாவும் கலப்பானாம், வேகமாகக் கருகும் என்று. இதை அம்மா இன்றைக்குத்தான் சொல்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி
நல்ல மழை. மண் இளகியிருக்கும்போதே நம் பக்கத்துப் பார்த்தீனியத்தைப் பிடுங்கினோம், நானும் அம்மாவும் இரண்டு ஆட்களும். கையுறை, முழுக்கைச் சட்டை. ஆட்களில் ஒரு அக்காவுக்குப் போன வருஷம் வந்த அரிப்பு இன்னும் கழுத்தில் கறுப்பாக நிற்கிறது. பூக்கும் முன்னால் பிடுங்குவதுதான் கணக்கு. விட்டால் ஒரே செடி பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். பூ வைத்தது எதையும் எருக்குழியில் போடவில்லை. பிடுங்கியதை வேலிக்கு வெளியே குவித்தோம், வெள்ளாடு எட்டாத இடத்தில். மாடு தின்றால் பால் கசக்கும் என்பது அம்மாவின் பெரிய கவலை. பாலே இன்னும் வரவில்லை!

ஓரத்தில் நாலைந்து செடிகளின் இலையை வண்டு அரித்திருந்தது. இந்தக் களைக்கென்றே மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984-இல் பெங்களூரில் விட்ட வண்டின் வம்சம். அந்தச் செடிகளை மட்டும் விட்டுவைத்தேன். "களையில ஒரு பங்கு புழுவுக்கா?" என்றார் அம்மா.

அக்டோபர் 20, திங்கள்
தீபாவளி. மணி கட்டிலுக்கு அடியில். மயிலை நிலைகொள்ளாமல் நிற்கிறது, வெடியாலா வேறெதனாலா என்று தெரியவில்லை.

அக்டோபர் 23, வியாழன்
கீழ்த்தோட்டத்து ஆள் தெளிப்பானை நம் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தான். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி! நான் கத்தியதில் மணியே பயந்துவிட்டது. தண்ணீரை வாய்க்காலில் விடக்கூட மனசு வரவில்லை, வாய்க்கால் கோழிகள் மேயும் பக்கம் போகிறது. தொட்டியைக் குடம் குடமாக மொண்டு, எதுவும் மேயாத பாறைப் பக்கம் கொண்டுபோய் ஊற்றினோம். இடுப்பு போய்விட்டது. அண்ணன் வந்து, "கொஞ்சூண்டு தண்ணிதானுங்களே" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னார், அதை இங்கே எழுத முடியாது.

அக்டோபர் 24, வெள்ளி
ஈறு சிவப்பு.

அக்டோபர் 28, செவ்வாய்
வரப்பில் முறுக்கியதெல்லாம் காய்ந்துவிட்டது. முழுக்க மக்கும் வரை அந்தப் பக்கம் கட்ட வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதால் மயிலைக்குத் தீனி சோளத்தட்டும், கொறங்காட்டில் அறுத்த கொழுக்கட்டைப் புல்லும்தான். தென்னை மட்டையும் கரும்புச் சோகையும் போட்டு நம் பக்க வரப்பை மூடிவிட்டோம். கோரை மட்டும் மூடாக்கைக் குத்திக்கொண்டு வரும், அது வரட்டும், களைக்கொத்தி இருக்கிறது.

அண்ணன் தானாகவே வந்தார். இனிமேல் முந்தின நாளே சொல்லிவிடுவாராம், டப்பாவையும் காட்டுவாராம். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுபடியாவதில்லை, அதனால்தான் மருந்து என்றார். அது பொய்யில்லை, நமக்கும் அதே கதைதான். பொது வரப்பை மட்டும் நாங்களே கொத்திக்கொள்கிறோம், அங்கே அடிக்காதீர்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். "பார்க்கலாம்" என்றால் என்ன?

நவம்பர் 2, ஞாயிறு
மடி இறங்கியிருக்கிறது. வால் பக்கம் குழி விழுந்துவிட்டது என்கிறார் அம்மா, இன்றைக்கோ நாளைக்கோ. டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்க வேண்டும். வரப்பில் பார்த்தீனியம் மறுபடியும் இரண்டிலையாக முளைத்திருக்கிறது, அண்ணன் கண்ணில் படும் முன்னால் நாளைக் காலையிலேயே