கோர்களைக் குறைத்ததும் கூடிய வேகம்

"சர்வர் ஸ்லோவா இருக்கு, இன்னும் நாலு கோர் போட்டுக் குடுங்க." விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரே நிஜக் கம்ப்யூட்டருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவற்றை, பார்த்துக்கொள்ளும் வேலையில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். கோர் என்பது பிராசசருக்குள் கணக்குப் போடும் ஒரு அலகு. கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பல மெஷின்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஹோஸ்டில், அதாவது அந்த நிஜக் கம்ப்யூட்டரில், கணக்கே வேறு.

விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள் போட்ட எங்கள் ஹோஸ்ட் ஒன்றில் இரண்டு பிராசசர், ஒவ்வொன்றிலும் 12 கோர். ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர் திரெடிங் இருப்பதால் திரையில் 48 என்று காட்டும். அதை நம்பிப் பங்கு பிரிக்கக் கூடாது, நிஜத்தில் இருப்பது 24 கோர்தான். அதில் கணக்குப் பிரிவின் டேட்டாபேஸ் மெஷின் மட்டும் 16 விசிபியுவோடு (மெஷினுக்குக் கோர் போலத் தெரியும் விர்ச்சுவல் சிபியு) ஓடிக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் ரிப்போர்ட் போட்டால் நகரவே நகராது. உள்ளே போய் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் சிபியு 30 சதவீதத்தைத் தாண்டவில்லை.

கோர் கிடைக்காமல் காத்திருக்கும் நேரம் மெஷினுக்கு உள்ளிருந்து தெரியாது. அதற்கு வெளியே, ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் விசென்டரில் ரெடி டைமை, அதாவது அந்தக் காத்திருப்பு நேரத்தை, பார்க்க வேண்டும். அங்கே 20 வினாடிக்கு ஒரு புள்ளி, மில்லி வினாடிக் கணக்கில் வரும். நான் பார்த்தபோது 38,400. இதை 20 வினாடிக்கான 20,000-ஆல் வகுத்தால் 192 சதவீதம். பதற வேண்டாம், அது 16 விசிபியுவுக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. தலைக்கு 12 சதவீதம் வருகிறது. 5-ஐத் தாண்டினாலே நான் கவனிக்க ஆரம்பித்துவிடுவேன்.

கல்யாணப் பந்தியில் இரண்டு பேருக்கு இடம் சட்டென்று கிடைக்கும், பதினாறு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் நின்றுதான் ஆக வேண்டும். விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருளான இஎஸ்எக்ஸின் பழைய 2-ஆம் பதிப்பு அப்படியே கறாராக இருந்தது: எல்லா விசிபியுவுக்கும் ஒரே நேரத்தில் கோர் கிடைத்தால்தான் ஓடவிடும். இஎஸ்எக்ஸ் 3-லிருந்து அது தளர்ந்தது. ஆனாலும் ஒரு விசிபியு முன்னே ஓடி இன்னொன்று ரொம்பப் பின்தங்கினால், முன்னே போனதை நிறுத்தி வைக்கும். ஹோஸ்டின் நிலையைக் காட்டும் இஎஸ்எக்ஸ்டாப் கருவியில் கோ-ஸ்டாப் பத்தியில் அந்த நேரம் தெரியும். போதாததற்கு, 12 கோர் உள்ள ஒரு பிராசசருக்குள் 16 அடங்காது. கொஞ்சம் வேலை பக்கத்துப் பிராசசரோடு இணைந்த மெமரியை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கலாம்.

பதினாறில் 30 சதவீதம் என்றால் ஏறக்குறைய 5 கோர் வேலை. 8 தாராளம். இதைச் சொன்னதும் கணக்குப் பிரிவு மேலாளர், "சார், இருக்கறதையும் பிடுங்கறீங்களே" என்றார். அவர் பயம் நியாயமானது, மாத முடிவில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். சரிப்படாவிட்டால் மறுநாளே 16-ஐத் திருப்பித் தருகிறேன் என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை இரவு மெஷினை நிறுத்திக் குறைத்தேன். அடுத்த மாதக் கடைசியில் ரெடி 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தது. ரிப்போர்ட்டும் வேகமாக வந்தது. அதே ஹோஸ்டில் இருந்த மற்ற மெஷின்களுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது.

இப்போது யார் புது மெஷின் கேட்டாலும் 2 விசிபியுவில்தான் ஆரம்பிக்கிறேன். உச்ச நேரப் பயன்பாட்டைக் காட்டினால் தயங்காமல் ஏற்றித் தருவேன். ஏற்றுவதற்கு யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை, இறக்க மெஷினை நிறுத்தவும் வேண்டும், ஆளைச் சம்மதிக்க வைக்கவும் வேண்டும்.