ஓவியர் குழுவுக்கு எந்த அரட்டை அறை?

வேலூர்ல வரையுறவங்க கூடிப் பேச வாட்ஸ்அப் கைக்கு எட்டும். 1024 பேர் வரை சேரலாம். ஆனா படத்தைச் சுருக்கிடும். கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத்து யாளியைப் பென்சில்ல வரைஞ்சு போட்டா, பிடரியோட மெல்லிய கோடெல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். டாக்குமெண்ட்டா அனுப்பினா கோடு தப்பிச்சிடும்.

டெலிகிராம்னா ஸ்லோ மோடை, அதாவது ஒருத்தர் அடுத்த செய்தி போடக் காத்திருக்க வேண்டிய நேரத்தை, 30 நொடிக்கு வைங்க. ஒரே ஆள் வரிசையா கொட்டுறது நிக்கும்.

வரையுறதை நேரலையா காட்டணும்னா என் ஓட்டு டிஸ்கார்டுக்குத்தான். குரல் சேனல்ல நுழைஞ்சு திரையைப் பகிரலாம். விமர்சனத்துக்குத் தனிச் சேனல் போடுங்க, இல்லேன்னா படம் அரட்டையில முங்கிடும். இலவசக் கணக்குல ஒரு கோப்பு 10 எம்பிதான். ஏ4 தாளை 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணின வண்ண பிஎன்ஜி கோப்பு பெரும்பாலும் ஏறாது. ஜேபெக்கா மாத்திப் போடுங்க.